கடைசியாகக் கோல் போட்டது யார்

வானம் இருக்கிறது. அது முதல் தகவல். வானம் முகத்துக்கு நேரே இருக்கிறதென்றால் நான் மல்லாந்து கிடக்கிறேன், மல்லாந்து கிடக்கிறேன் என்றால் ஒருவன் என்னை அடித்திருக்கிறான் அல்லது நான் ஒருவனை அடிக்கப்போய் ஏதோ பிசகியிருக்கிறது, எப்படியானாலும் முதுகுக்குக் கீழே கிடைப்பது இதே சேறுதான், மார்ச் மாதத்துச் சேறு, பனியனுக்குள் புகுந்து முதுகெலும்பை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறது. இடது காதுக்குள் ஒரு குளவி. மார்ச்சில் இங்கே குளவி கிடையாது, ஆகவே அது உண்மையான குளவி இல்லை, ஆகவே என் மூளை ஒழுங்காக வேலை செய்கிறது, ஆகவே பயப்பட ஒன்றுமில்லை, ஆகவே ஏன் பயப்படுகிறேன். என் பெயர் சேந்தன் கனகசூரியம். வயது முப்பத்து நான்கு. தொழில் உதைபந்தாட்டம், முன்வரிசை, அதாவது பதினேழு வருடமாக ஒன்பது சின்னக் கிளப்புகளுக்காக மற்றவர்களின் முழங்கைகளுக்கு முன்னால் கொண்டுபோய் என் முகத்தை வைப்பது. எல்லாம் நினைவிருக்கிறது. ஆனால் இவற்றை யாரும் கேட்கப்போவதில்லை. கேட்கப்போவது ஐந்து கேள்விகள். தலையில் அடிபட்டு விழுந்தவனிடம் புல்லிலேயே குனிந்து கேட்கும் கேள்விகள்: இது எந்த மைதானம், இது முதற்பாதியா இரண்டாம் பாதியா, கடைசியாகக் கோல் போட்டது யார், போன ஆட்டம் யாரோடு, அதில் வெற்றியா தோல்வியா. ஐந்தும் சரியென்றால் எழும்பி ஓடலாம். ஒன்று பிழைத்தாலும் வெளியே. மற்றவர்களுக்கு வெளியே என்றால் இரண்டு கிழமை ஓய்வு. எனக்கு வெளியே என்றால் வெளியேதான். நவம்பரில் நரம்பு வைத்தியர் எழுதிய கடிதம் கிளப்பின் கோப்பில் இருக்கிறது, இன்னொரு முறை மூளை குலுங்கினால் இவர் இனி ஒருபோதும் விளையாடக்கூடாது, ஒருபோதும் என்ற சொல்லின் கீழே கோடு. அந்தக் கோடு அவசியமில்லை. ஒருபோதும் என்பதற்கு மேல் அழுத்தம் கொடுக்க ஒன்றும் இல்லை. கோடு போட்டது ஒரு பயிற்சி வைத்தியராக இருக்கவேண்டும்.

“சேண்டி, அசையாதே. கழுத்தைத் திருப்பாதே.” வானத்துக்குள் ஒரு முகம் நுழைகிறது. பெத்தனி, எங்கள் பிசியோ, வேல்ஸ்காரி, சூயிங்கம் மென்றபடியே விலகிய தோள்மூட்டை உள்ளே தள்ளிவிடக்கூடியவள். சேந்தன் என்பது இந்த ஊர் நாக்குகளில் சேண்டியாகிவிட்டது. முதுகில் கனகசூரியம் என்று போட்டால் இரண்டு அக்குளுக்கும் நடுவே கொள்ளாது என்று முதல் கிளப்பில் கனகா என்று வெட்டி அச்சடித்தார்கள், அம்மா படத்தைப் பார்த்துவிட்டு “ஐயோ, என்ர பிள்ளையைப் பொம்பிளையாக்கிப்போட்டாங்கள்” என்று ஒரு நாள் முழுக்கச் சிரித்தார். இது எந்தக் கிளப், ஆறாவது, ஏழாவது, இல்லை, கவனம், கேள்விகள் வரப்போகின்றன. பயமில்லை. இடது மணிக்கட்டில் வெள்ளை டேப் சுற்றியிருக்கிறது. அதில் பேனாவால் பதில்கள் இருக்கின்றன. நவம்பருக்குப் பிறகு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால், மற்றவர்கள் கழிவறையில் வாந்தியெடுக்கவும் அமோனியாக் குப்பியை மூக்கில் வைத்துக் கத்தவும் செய்கிற நேரத்தில், நான் மூலையில் உட்கார்ந்து எழுதுகிறேன், மைதானத்தின் பெயர், போன ஆட்டத்தின் எதிரி, முடிவு, இடைவேளையில் வந்து பாதிக்கு ஒரு கோடு. தமிழில். இந்த மாவட்டத்தில் வேறெவருக்கும் வாசிக்க முடியாது. ஒரு நடுவர் ஒருமுறை அது என்ன என்று கேட்டார். பிரார்த்தனை என்றேன். மரியாதையோடு தலையசைத்தார். பெரிய பொய்யும் இல்லை. எங்கள் தொழிலில் எல்லாரும் இப்படி ஏதாவது செய்கிறார்கள். ஜூலையில் கணினி முன் உட்காரவைத்து ஞாபகப் பரீட்சை ஒன்று வைப்பார்கள், பிறகு அடிபட்டால் அந்தப் புள்ளியோடு ஒப்பிடுவதற்காக, ஆகவே எல்லாரும் ஜூலையிலேயே வேண்டுமென்று மக்குத்தனமாக எழுதிவைப்பார்கள், பிறகு எவ்வளவு அடிபட்டாலும் அதற்குக் கீழே போகாது. நானும் செய்தேன். பதினைந்து சொற்களை ஞாபகம் வைத்துச் சொல்லவேண்டும், பதினைந்தும் எனக்குத் தெரியும், ஒன்பதை மட்டும் சொன்னேன். மிச்சம் ஆறு சொற்களும் இன்றுவரை தொண்டையில் நிற்கின்றன. வில், கம்பளம், தேன், வாளி, முழங்கை, சாளரம். முழங்கை என்று எவன் அந்தப் பட்டியலில் வைத்தான்.

சத்தம் கேட்கிறது. ஆயிரத்து நூறு பேர் என் பெயரைப் பாடுகிறார்கள். சேண்டி, சேண்டி, எங்கள் சேண்டி, மெட்டு ஒரு தேவாலயப் பாட்டிலிருந்து திருடியது. ஆளைத் தூக்கிக்கொண்டு போகும்போதுதான் கூட்டம் இப்படி அன்போடு பாடும், நிற்கும்போது போன கிழமைகூட “படுக்கப்போ, கிழவா” என்று கத்தினார்கள், ஆகவே என்னைத் தூக்கப்போகிறார்கள், ஸ்ட்ரெச்சர் வருகிறது, வரக்கூடாது. கண்ணை மட்டும் ஓட்டினேன். தூரத்தில் எண்பலகை. மின்பலகை டிசம்பர்ப் புயலில் செத்தபிறகு பழைய தகர எண்களை எடுத்துவந்து கொக்கியில் தொங்கவிடுகிறார்கள், அதற்கு நோர்மன் என்று ஒருவர், எண்பது வயது, சம்பளமில்லை, தேநீர் உண்டு. நோர்மன் ஏணியில் ஏறிக்கொண்டிருக்கிறார், அக்குளில் ஒரு தகரம். காற்றுக்குத் தகரங்கள் விழும், அவர் இறங்கி எடுத்துத் திரும்ப ஏறி மாட்டுவார், ஒவ்வொரு படியிலும் நின்று தன் நுரையீரலோடு பேசுவார், அவருடைய சனிக்கிழமைகள் அப்படிக் கழிகின்றன. என் பக்கத்தில் ஒருவன் மண்டியிட்டிருக்கிறான். புருவத்திலிருந்து இரத்தம் மூக்கு வழியாக வந்து உதட்டில் தொங்குகிறது. பிராட்லி கோட்ஸ். எதிரணியாக வந்தவர்களின் பின்வரிசைக்காரன், ஆறடி நாலு, கழுத்து என்று தனியாக ஒன்று இல்லை. “நான் அடிக்கேல்லை,” என்கிறான் நடுவரிடம். “சத்தியமா. பந்தைத்தான் பார்த்தனான்.” அவன் பேசுவது லங்காஷயர் ஆங்கிலம், எனக்குள் அது பருத்தித்துறைத் தமிழாக விழுகிறது, தலையில் அடி விழுந்தால் எனக்கு எப்போதும் அப்படித்தான். பந்தைத்தான் பார்த்தனான். அந்த வசனம் எனக்குத் தெரியும். அது என்னுடைய வசனம். நான் அதை விசாரணைக் குழுவின் முன் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு சொல்லியிருக்கிறேன்.

இன்று நாலாவது நிமிடம் கோட்ஸ் தன் இலவசத்தை எடுத்துக்கொண்டான். முதல் உதை இலவசம். முதல் ஐந்து நிமிடத்துக்குள் பின்வரிசைக்காரன் முன்வரிசைக்காரனின் காலை ஒருமுறை வெட்டலாம், நடுவர் அட்டை எடுக்கமாட்டார், விரலை ஆட்டி “இனி வேண்டாம்” என்பார், இது எந்தப் புத்தகத்திலும் இல்லை, எழுதாத சட்டங்களைத்தான் இந்த நாட்டில் எல்லாரும் மனப்பூர்வமாக மதிக்கிறார்கள். பதினேழு வயதில் முதல் ஆட்டத்தில் எனக்கு இது தெரியாது. வார நாட்களில் குழாய் திருத்துகிற ஒருவன், நாற்பது வயது, பந்து எங்கோ இருக்கும்போது வந்து என் மூக்கை உடைத்தான், உடைத்துவிட்டு “நல்வரவு, மகனே” என்றான், அது நக்கல் இல்லை, உண்மையாகவே வரவேற்றான். அதன்பிறகு பல் ஒன்று, விலா இரண்டு, புருவத்தில் மயக்க ஊசி போடாமல் அடித்த தையல் ஏழு, சப்பாத்தின் அடிமுள் இறங்கிய குதிகால், சுரங்கப்பாதையில் இருட்டுக்குள் வாங்கியவை, கொடுத்தவை. இன்று கோட்ஸின் முள் என் பின்னங்காலில் இறங்கியபோது அவன் காதுக்குள் சொன்னான், “கிழவா, பென்சன் எடுத்திட்டியோ?” நான் சொன்னேன், “தவணை தவணையாக எடுக்கிறேன், மூலையில் உதை வரும்போது உனக்கும் ஒரு பங்கு தருகிறேன்.” கோர்னர் என்கிற அந்த மூலை உதைக்காகக் காத்திருந்தேன். கோர்னரில்தான் முழங்கைக்கு மறைவு கிடைக்கும், பன்னிரண்டு பேர் ஒரு குளியலறை அளவு இடத்துக்குள் நின்று தள்ளும்போது நடுவருக்கு ஒரு ஜோடிக் கண்தான். கோர்னர் கிடைத்தது. எங்கள் ஆள் டெலே கொடியருகே பந்தை வைத்தான். கையைத் தூக்கினான். அதற்குப் பிறகு வானம். கைக்கும் வானத்துக்கும் நடுவே ஒன்றுமே இல்லை, தையல் பிரித்து எடுத்ததுபோல் சுத்தமாக இல்லை. கோட்ஸின் புருவம் கிழிந்திருக்கிறது. நான்தான் கிழித்தேனா. வலது முழங்கையை மெல்லச் சேற்றில் அழுத்திப் பார்த்தேன். நோகவில்லை. ஹாஸ்லமுக்குப் பிறகு மூன்று நாள் நொந்தது.

ஹாஸ்லமை நினைக்கவேண்டாம். கீரன் ஹாஸ்லம். வேண்டாம். எட்டு வருடத்துக்கு முன், வேறு கிளப், வேறு சேறு. பத்தொன்பது வயது, முதல் ஆட்டம், பின்வரிசை. அவன் தன் இலவசத்தை எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்து நிமிடம் பொறுத்திருந்தேன், பத்து நிமிடம், முதுகுத்தோல் கூசிக்கொண்டே இருந்தது, வருகிற உதை வராமல் இருப்பதைப்போல் நரம்பைத் தின்பது வேறில்லை. ஒருமுறை தவறி என் காலை மிதித்துவிட்டு “மன்னிக்கவும்” என்றான். மன்னிக்கவும். பதினேழு வருடத்தில் என் காலை மிதித்தவர்களில் அப்படிச் சொன்னவன் அவன் ஒருவன்தான். எங்கள் கப்டன் என் பிடரியைப் பிடித்துச் சொன்னான், “பொடியன் உன்னைப் பொக்கெட்டுக்குள்ள வைச்சிருக்கிறான். நீ இங்கதான் நிக்கிறாய் எண்டு அவனுக்குச் சொல்லு.” நாற்பதாவது நிமிடம் சொன்னேன். பந்து காற்றில் இருந்தது, நான் பந்தைப் பார்க்கவில்லை, அவன் கன்னத்தைத்தான் பார்த்தேன், கன்னத்தில் ஒரு பரு இருந்தது, இடது கன்னம், அந்தப் பருவைக் குறிவைத்தேன். அந்தச் சத்தத்துக்கு எட்டு வருடமாக ஓர் உவமை தேடுகிறேன். கிடைக்கவில்லை. கன்ன எலும்பு உடையும்போது கன்ன எலும்பு உடையும் சத்தம்தான் கேட்கிறது. அவன் விழுந்தபோது கைகளை நிலத்தில் ஊன்றவில்லை. ஒரு கால் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தது, படுத்தபடியே, யாரையோ துரத்துவதுபோல். அவர்களுடைய பிசியோ குனிந்து கேட்டார், கிழவர், நான் நாலடி தள்ளி நின்று இரு கையையும் விரித்து நடுவரிடம் பந்தைத்தான் பார்த்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன், ஆனால் காது அந்தப் பக்கம் இருந்தது. கடைசியாகக் கோல் போட்டது யார் என்று கேட்டார். ஹாஸ்லம் வாய் நிறைய இரத்தத்தோடு சொன்னான், “அம்மா வந்திருக்கிறாவா?” அவ்வளவுதான். அவனுக்கு அதன்பிறகு வெளிச்சம் ஒத்துக்கொள்ளவில்லை, படி ஏறினால் தலை சுற்றியது, அடுத்த வருடம் விட்டுவிட்டான். குழு என்னை நம்பியது. நான் நன்றாகப் பேசுவேன், உடைமாற்றும் அறையில் என்னைப் பேராசிரியர் என்பார்கள், பஸ்ஸில் சீட்டு விளையாடாமல் அகராதி வாசிக்கிறவன் பொய் சொல்லுவான் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

“சேண்டி, என்னைப் பார்.” பார்க்கிறேன். இரண்டு பெத்தனி. இரண்டையும் பார்க்கிறேன், எதற்கும் குறை வைக்கவேண்டாம். அவள் ஈரப் பஞ்சால் என் நெற்றியைத் துடைக்கிறாள், நெற்றி நடுவே சேறு, வட்டமாக ஒரு சேறு. மல்லாந்து விழுந்தவனுக்கு நெற்றியில் எப்படிச் சேறு என்று ஒரு கேள்வி எழுந்தது, எழுந்த வேகத்திலேயே குளவி அதைத் தின்றுவிட்டது. டெலே ஓடிவருகிறான், முகமெல்லாம் நனைந்திருக்கிறது, சிரிக்கிறானா அழுகிறானா தெரியவில்லை. “பேராசிரியரே! நீ…” பெத்தனி கையை நீட்டி அவன் மார்பில் வைத்தாள். “ஒரு சொல்லும் சொல்லாதே. தள்ளிப் போ. எல்லாரும் தள்ளிப் போங்கள். நான் இவரோடு பேசவேண்டும்.” பத்தடி தள்ளி வட்டமாக நிற்கிறார்கள், தலையில் கை வைத்தபடி. ஒரு செத்த வீட்டு முற்றம் மாதிரி. நான் சாகவில்லை என்று அவர்களுக்குச் சொல்லவேண்டும். அப்பா பார்த்துக்கொண்டிருப்பார். அப்பா பிரதான மேடையில், ஆறாவது வரிசை, கறுப்பு மஃப்ளர், சுடுதண்ணிப் போத்தல், மடியில் ஒரு புத்தகம். லண்டனில் தபால் பிரிக்கும் நிலையத்தில் முப்பது வருடம் மற்றவர்களுடைய விலாசப் பிழைகளைத் திருத்தியவர். உதைபந்தாட்டம் காட்டுவேலை என்பார். ஆனாலும் ஆகஸ்ட்டிலிருந்து இங்கே நடக்கும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நாலு மணித்தியாலம் ரயிலில் வருகிறார், ஏனென்றால் ஆகஸ்ட்டில் என் கணக்கு தொண்ணூற்றொன்பது ஆனது. தொண்ணூற்றொன்பது லீக் கோல். அதன்பிறகு ஒன்றும் விழவில்லை, ஏழு மாதம், கம்பத்தில் பட்டது, கோலியின் முழங்காலில் பட்டது, ஒருமுறை என்னுடைய ஆளின் பின்பக்கத்தில் பட்டுத் திரும்பியது. ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில், “என்ன தம்பி, நூறாச்சே?” “இல்லையப்பா.” “தொண்ணூற்றொன்பது ஒரு இலக்கம் இல்லையடா. அது ஒரு வருத்தம்.” பதினேழு வருடத்தில் அப்பா ஒரு கோலுக்கும் எழும்பி நின்றதில்லை. சுற்றிலும் எல்லாரும் எழும்புவார்கள், அவர் உட்கார்ந்தபடி அவர்களுடைய முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நவம்பரில் நரம்பு வைத்தியர் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு கேட்டார், இதுவரை தலையில் வாங்கிய அடிகள் தோராயமாக எத்தனை. குட்டும் சேர்த்தா என்று கேட்டேன். அது என்ன என்றார். விரலை மடக்கி முட்டியால் உச்சந்தலையில் வைப்பது என்றேன், அப்பாவின் பாடத்திட்டம். ஈஸ்ட் ஹாமில் இரண்டாம் மாடி, சமையலறை மேசை, மாலை ஆறு மணிக்கு வாய்ப்பாடு, ஏழு மணிக்குத் தமிழ். ஏழு எட்டு எத்தனை. ஐம்பத்து நாலு. டொக். அப்பாவின் கை சின்னது, அதனால் முட்டி கூர்மை. ஏழு எட்டு எத்தனை. கண்ணீரோடு ஐம்பத்தாறு. கடைசியில் எல்லாம் மண்டைக்குள் ஏறியது, மண்டையைத் திறந்துவைத்து ஏற்றினால் ஏறாமல் என்ன. அப்பா கேள்வியைக் கேட்டுவிட்டுப் பிறகு குட்டுவார். இந்த ஆட்டத்தில் முதலில் குட்டு, பிறகு கேள்வி. வைத்தியர் எழுதிக்கொண்டார், இருநூறுக்கு மேல் என்று. எந்தக் குட்டில் எது போனது என்று யாருக்குத் தெரியும். ஹாஸ்லமுக்கு ஒன்றே போதுமாயிருந்தது.

“சரி, சேண்டி. கேட்கிறேன். போன ஆட்டம் யாரோடு?” வந்துவிட்டது. கவனம். பெரிய மூச்சு ஒன்று, நெஞ்சைத் தடவுவதுபோல் இடது கையைத் தூக்கினேன், டேப், எழுத்துகள் இரண்டிரண்டாக ஆடுகின்றன, முதல் வரியைப் பிடித்தேன். “கனல் லேன்,” என்றேன், தெளிவாக, கொஞ்சம் பெருமையோடு. பெத்தனி சூயிங்கம் மெல்வதை நிறுத்தினாள். “அது இந்த மைதானம், சேண்டி. நீ படுத்திருக்கிற இடம். நான் கேட்டது போன ஆட்டம்.” முதற் கேள்வி எப்போதும் மைதானம்தான், நாலு மாதமாக நான் எழுதிவைத்தது அந்த வரிசைக்கு, வரிசையை மாற்ற இவளுக்கு யார் அதிகாரம் கொடுத்தது. அவள் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், “உன்ர பிரார்த்தனையை எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனா உன்ர கண் எங்க போகுதெண்டு தெரியும். கிறிஸ்மசில இருந்து தெரியும்” என்றாள். பையிலிருந்து மொட்டை மூக்குக் கத்தரிக்கோலை எடுத்தாள். டேப்புக்கும் தோலுக்கும் நடுவே குளிர்ந்த இரும்பு நுழைந்தது. ஒரே வெட்டு. டேப் மயிரோடு பிடுங்கிக்கொண்டு வந்தது, அவள் அதை உருட்டித் தன் பொக்கெட்டுக்குள் போட்டாள், என் கையில் சவர்க்காரம் போட்டதுபோல் வெள்ளை வட்டம் ஒன்று மிஞ்சியது. “இப்ப சொல்லு. இது எந்தப் பாதி?”

யோசி. ஞாபகம் இல்லாவிட்டால் என்ன, அறிவு இருக்கிறது, தடயம் இருக்கிறது. என் கால்கள் நீட்டியிருக்கும் பக்கம் கோல் கம்பம், கம்பத்துக்குப் பின்னால் கூரைக்கு மேலே கறுத்த கல் கோபுரம், சப்பல் என்கிற சின்னத் தேவாலயம். நாங்கள் நாணயச் சுண்டலில் வென்றால் இரண்டாம் பாதியில் சப்பல் பக்கம் அடிப்போம், நூறு வருடமாக அப்படித்தான், வந்த கப்டன்களும் பாவம் பார்த்து விட்டுக்கொடுப்பார்கள். டெலே உதைத்தது சப்பல் பக்கக் கொடியில். “இரண்டாம் பாதி.” “ம். போன ஆட்டம்?” இதற்குத் தடயம் உடம்பில்தான். என் உடம்பு ஒரு நாட்குறிப்பு, மற்றவர்கள் எழுதியது. கையை மெல்ல இறக்கி இடது தொடையை அழுத்தினேன். புதிதாகக் கன்றிய கண்டல் கத்தும், பழையது முனகும். இது கத்தியது. நாலு நாள். அப்படியென்றால் செவ்வாய். செவ்வாய்க்கிழமை இந்தத் தொடைக்குள் முழங்காலைச் செலுத்தியவனுக்குத் தாடி, தாடியில் அவித்த முட்டை மணம், பச்சைப் பனியன், பிரென்ஷா. “பிரென்ஷா ரோவர்ஸ். அவர்கள் ஊரில்.” “வெற்றியா?” வரும்போது பஸ்ஸில் யாரும் பாட்டுப் போடவில்லை, பொரியல் சிப்ஸ் மணம் மட்டும், ஒருவனுடைய இருமல். “தோல்வி.” பெத்தனியின் முகம் இரண்டிலிருந்து ஒன்றாகிக்கொண்டிருந்தது, அந்த ஒரு முகத்தில் வாய் ஓரம் கொஞ்சம் தளர்ந்தது. மூன்று சரி. மைதானத்தைத்தான் கேட்கும் முன்பே சொல்லிவிட்டேனே, அதற்குப் புள்ளி கேட்கலாமா, கேட்கவேண்டாம். ஒன்றுதான் மிச்சம். இந்த ஒன்றைத் தாண்டினால் எழும்பலாம், இன்னும் இருபது நிமிடம் இருக்கும், இன்னொரு கோர்னர் வரும், தொண்ணூற்றொன்பது, அப்பா ஆறாவது வரிசையில், கோட்ஸைத் தொடமாட்டேன், சத்தியமாகப் பந்தைத்தான் பார்ப்பேன், வாழ்க்கையில் ஒருமுறை அந்த வசனத்தை உண்மையாக்கிவிடுகிறேன்.

“கடைசிக் கேள்வி. கடைசியாகக் கோல் போட்டது யார்?”

டேப்பில் இதற்கு எப்போதும் வரி கிடையாது, ஆட்டத்துக்கு நடுவே பேனா கிடைக்காது, இதற்கு நான் பலகையைத்தான் நம்புவேன். கண்ணை ஓட்டினேன். எங்களுக்கு நேரே பூச்சியம், வந்தவர்களுக்கு நேரே ஒன்று. முதற்பாதியில் ஒரு பெனால்டி, நினைவிருக்கிறது, எங்கள் கோலி இடப்பக்கம் விழுந்தான், பந்து வலப்பக்கம் போனது, கூட்டம் அவனுடைய தாயைப் பற்றி விசாரித்தது. மொத்தம் ஒரு கோல், அது அவர்களுடையது. அதற்குப் பிறகு ஏதாவது விழுந்திருந்தால் பலகை சொல்லும். கோர்னரில் நான் போட்டிருந்தால் இவர்கள் என் மேல் ஏறி விழுந்திருப்பார்கள், தலையில் கை வைத்துக்கொண்டு பத்தடி தள்ளி நிற்கமாட்டார்கள். தடயங்கள் எல்லாம் ஒரே பக்கம் காட்டுகின்றன. அப்பா சொல்வார், விடை தெரிந்தால் இழுக்காதே, இழுத்தால் சந்தேகம் என்று பொருள், சந்தேகத்துக்கும் குட்டு உண்டு. “அவர்கள்,” என்றேன். “பெனால்டி. முதற்பாதி. பூச்சியத்துக்கு ஒன்று.”

பெத்தனி சூயிங்கத்தைக் கன்னத்தின் ஓரத்துக்குத் தள்ளினாள். காதுக்குள் குளவி நின்றது, முதன்முறையாக மைதானம் முழுவதும் தெளிவாகக் கேட்டது, சேண்டி, சேண்டி, எங்கள் சேண்டி, அது செத்தவனுக்குப் பாடுகிற குரல் இல்லை. தூரத்தில் நோர்மன் கடைசிப் படியில் நின்றார். கையை எட்டினார். பூச்சியத்தைக் கழற்றித் தன் பற்களுக்கு இடையே கடித்துக்கொண்டு, அக்குளிலிருந்த தகரத்தை எடுத்துக் கொக்கியில் மாட்டினார். காற்றுக்கு அது ஒருமுறை புரண்டது, முதுகைக் காட்டியது, பிறகு திரும்பி நின்றது. ஒன்று.

“நீதான், சேண்டி,” என்றாள். “தலையால். பந்து போனபிறகுதான் கோட்ஸின் தலை உன் தலையோடு மோதியது.”

தேடினேன். நூறாவது. உள்ளே எங்கோ கிடக்கவேண்டும், பந்து வரும் வளைவு, நெற்றியில் படும் கணம், வலை. ஒவ்வொரு அறையாகத் திறந்தேன். டெலேயின் கை தூக்கியபடி நிற்கிறது. அடுத்து வானம். நடுவே இருந்த கதவைத் தள்ளினேன், உள்ளே கீரன் ஹாஸ்லம் இருந்தான், இடது கன்னத்தில் அந்தப் பரு, பருவைச் சுற்றிச் சின்னச் சிவப்பு, பரு மேல் ஒரு துளி மழை, நாற்பதாவது நிமிடத்தின் வெளிச்சம், எல்லாம் நேற்றுத் துடைத்து வைத்ததுபோல். இதை யாரும் கேட்கமாட்டார்கள். ஐந்து கேள்விகளில் இது இல்லை.

ஸ்ட்ரெச்சர் வரும் சத்தம் கேட்டது, சேற்றில் நாலு சோடிச் சப்பாத்து. கோட்ஸ் என் பக்கத்திலேயே இருந்தான். “நல்ல கோல், கிழவா,” என்றான், இரத்தத்தைத் துப்பிக்கொண்டே. “அப்பா பார்த்தவரோ?” என்று ஒரு குரல் கேட்டது, வாய் நிறைய இரும்பு ருசியோடு, அந்தக் குரலை எங்கே கேட்டிருக்கிறேன் என்று யோசித்தேன், நாலடி தள்ளி நின்று கேட்டிருக்கிறேன், பிறகுதான் அது என் வாயிலிருந்து வந்தது என்று தெரிந்தது.

பெத்தனி நிமிர்ந்து மேடைப் பக்கம் பார்த்தாள். “கறுப்பு மஃப்ளரா?”

“ஓம்.”

“எழும்பி நிற்கிறார்.”

கோலுக்கா, எனக்கா, எப்போதிலிருந்து நிற்கிறார், அதைப் பார்த்தால் தெரிந்துவிடும், அப்பாவின் முகத்தை வாசிக்க எனக்குத் தெரியும். திரும்பினேன். பெத்தனியின் இரண்டு கைகளும் என் தலையை இரு பக்கமும் இறுக்கிப் பிடித்துக்கொண்டன.

“கழுத்தைத் திருப்பாதே என்று சொன்னேன் அல்லவா. நேரே பார்.”

நேரே வானம் இருக்கிறது.